தறி ஷெட்டுக்குள் ஒரு விண்கப்பல்

வாங்க தம்பி, வாங்க. புரோக்கர் போன் பண்ணிச் சொன்னாப்ல, நூல் கோன் அடுக்கி வெக்க இடம் பாக்க ஒருத்தர் வர்றாருன்னு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கரண்ட் போயிருச்சு. உள்ள இப்பக் கும்மிருட்டு, ஜன்னலெல்லாம் அடைச்சு வெச்சிருக்குது. கரண்ட் வந்ததும் திறந்து காட்டறேன்.

அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிப்போடறேன். உள்ள ஒரு சாமான் நிக்குதுங்க. பாத்து மிரண்டுக்காதீங்க. போன வாரம் ஒருத்தர் வந்தாரு. கதவைத் திறந்ததும் "இது என்னங்க, சூட்டிங்கா?"ன்னு கேட்டுப்போட்டு, செருப்புக்காலோட மேல ஏறப் பாத்தாரு. உங்க வாடகையே வேண்டாங்கன்னு அனுப்பிவிட்டேன்.

விண்கப்பலுங்க. ஆமா, வானத்துல போகுமே, அது. பறக்காதுங்க. பிளைவுட்டு. ஆனா உள்ள ஆளு நிக்கலாம், நடக்கலாம், உக்காரலாம். நிஜ அளவு.

சிரிக்கறீங்களா? சிரிங்க, பரவால்ல. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பம்ப்செட் கம்பெனியில குவாலிட்டியில இருந்தவன். குவாலிட்டின்னா, மத்தவங்க செஞ்சதை அளந்து பாத்து, சரியில்லாததுல சிவப்புச் சாக்பீஸால பெருக்கல் குறி போடறது. ரிட்டயர்டு ஆகற வரைக்கும் அதே வேலை. நான் உள்ள நுழைஞ்சா மிசின் ஷாப்புல பேச்சு நின்னு போயிரும். அந்த அளவுக்கு மரியாதைங்க.

நான் பள்ளிக்கூடம் படிக்கறப்ப ஒரு படம் வந்துது. பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது, எடுத்தவங்களே மறந்திருப்பாங்க. நாலு பேரு ஒரு கப்பல்ல ஏறி, திரும்பி வர முடியாத தூரத்துக்குப் போறாங்க. கப்பலோட பேரு வெண்பருந்து. டூயட் கெடையாது, சண்டை கெடையாது. சினிமாக் கொட்டாயில ஒரே வாரத்துல தூக்கிப்போட்டு, அம்மன் படம் போட்டுட்டாங்க. அந்த ஒரு வாரத்துல நான் தினம் போனேன். கதை எனக்கு ஞாபகமே இல்லீங்க. அந்தக் கண்ட்ரோல் ரூமுதான். செவுரு பூரா லைட்டு, நாலு நாற்காலி, நாலு பேருக்கும் முன்னால ஆளுக்கொரு நெம்புகோலு. நாலு பேரும் ஒண்ணா இழுத்தாத்தான் கப்பல் கெளம்பும்.

இந்தப் படத்தைப் பாத்தவன் உலகத்துல நான் ஒருத்தன்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். ரிட்டயர்டு ஆனதுக்கப்புறம் போன்ல நோண்டிட்டு இருந்தப்ப, செல்வின்னு ஒரு பையன், பையன்னா நாப்பது வயசு, காந்திபுரத்துல பிளெக்ஸ் கடை வெச்சிருக்கறான், அவன் அந்தக் கப்பல் படத்தைப் போட்டு, "இதை ஞாபகம் இருக்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கேட்டிருந்தான். அவங்கப்பா அந்தக் கொட்டாயில ஆப்பரேட்டரு. எப்பவோ டிவியில மத்தியானம் போட்டப்ப டேப்புல பிடிச்சு வெச்சிருந்திருக்காரு. அந்த டேப்பு ஒண்ணுதான் மிச்சம்.

அதுக்குக் கீழ ரெண்டு பேரு எழுதியிருந்தாங்க. ஒருத்தரு கபூர் பாய். உக்கடத்துல சோபா தைக்கற கடை. இன்னொருத்தங்க மீனலோசனி, கவர்மெண்ட்டு ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர். நான் நாலாவது.

மொதல் தடவை பேக்கரியில உக்காந்து பேசினோம். செல்வின் வெளையாட்டாத்தான் சொன்னான், "அண்ணா, அதைக் கட்டுனா எப்படி இருக்கும்?" டீச்சர் சிரிச்சாங்க. பாய் டீயை ஆத்திக்கிட்டே, "சேர் நான் பண்ணித் தர்றேன்"னாரு. நான் சொன்னேன், "எங்கப்பாவோட தறி ஷெட்டு சும்மா கெடக்குது. ஆனா கட்டுனா அச்சு அசலாக் கட்டோணும். இல்லீன்னா வேண்டாம்." மூணு பேரும் சரின்னாங்க. சரின்னு சொன்னது அவங்க, தம்பி. அதை ஞாபகம் வெச்சுக்குங்க.

பொங்கல் கழிச்சு ஆரம்பிச்சோம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வேலை. செல்வின் அந்த டேப்புல இருந்து ஒவ்வொரு காட்சியா நிறுத்திப் படம் பிடிச்சு, ஆளுயரத்துக்குப் பிளெக்ஸ் அடிச்சு செவுத்துல மாட்டினான். எல்லாம் கலங்கல். அளவு எப்படி எடுக்கறது? யாருக்கும் ஒண்ணும் ஓடல. நான்தான் கண்டுபிடிச்சேன். ஒரு காட்சியில அந்தப் பேனல் மேல ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்குதுங்க. செட்டுல யாரோ டீ குடிச்சுப்போட்டு வெச்சுட்டுப் போயிருக்கறான். விண்கப்பல்ல டம்ளர்! செல்வின் உருண்டு உருண்டு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. அந்தக் காலத்து டீ டம்ளரு உசரம் எனக்குத் தெரியும். டம்ளர் இவ்வளவுன்னா பேனல் எவ்வளவு, பேனல் அவ்வளவுன்னா செவுரு எவ்வளவு... அப்படியே மொத்தக் கப்பலையும் அளந்து எடுத்துப்போட்டேன். டீச்சர் கை தட்டினாங்க. அன்னைக்கு நல்லா இருந்துச்சுங்க.

அதே மாதிரி டம்ளர் ஒண்ணை என்ற வீட்டுக்காரி ரங்கநாயகி அடுக்குல இருந்து எடுத்தாந்து, அதே இடத்துல வெச்சேன். ஒட்டியே வெச்சுட்டேன். நீங்க உள்ள பாக்கலாம்.

சரி, வேலைக்கு வர்றேன். மொதல் சேரை பாய் கொண்டாந்தாரு. சாம்பல் கலர் ரெக்சின், நல்ல தையல். குறை சொல்ல முடியாதுங்க. செல்வின் உக்காந்து பாத்துட்டு, "அண்ணா, எந்திரிக்க மனசு வரலீங்ணா"ன்னான். டீச்சர் உக்காந்தாங்க. டீயோட வந்த ரங்கநாயகியும் உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டா. நான் டேப்பை எடுத்து அளந்தேன்.

"பாய், சொகமா இருக்குது. அதுதான் தப்பு. படத்துல அவங்க ஒடுங்கி உக்காந்திருப்பாங்க. கை வெக்கற கட்டை ரெண்டு விரல் அகலந்தான். நீங்க ஒரு சாண் வெச்சிருக்கறீங்க."

பாய் தலையைச் சொறிஞ்சாரு. "கை அப்படியே போயிருச்சுங்கண்ணா. வீட்டுல மெகருக்கு டயாலிசிஸ் நடக்குதுங்க. போயிட்டு வந்தா படுக்கவும் முடியல, உக்காரவும் முடியல. கையைத் தொங்க விட்டா வலி. அதே நெனப்புல தச்சிருப்பேன் போல."

"அப்படிங்களா? பாத்துக்குங்க பாய். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கட்டையைக் குறைச்சுப்போடுங்க"ன்னுட்டு, சேர் காலு கிட்ட சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி போட்டேன். பழக்கதோசம். பாய் சிரிச்சாரு. அந்தச் சேரை ஆட்டோவுல ஏத்தி வீட்டுக்கே கொண்டு போயிட்டாரு.

ரெண்டாவது ஒண்ணு கொண்டாந்தாரு. கட்டை சரி, ஆனா ஸ்பாஞ்சு சாஸ்தி. அதுக்கும் குறி. மூணாவதுதான் சரியா வந்துச்சு. உக்காந்தா முதுகுல இரும்பு குத்தும். படத்துல எப்படியோ அப்படி. "இதே மாதிரி இன்னும் மூணு பண்ணிப்போடுங்க"ன்னேன்.

என்னைய ஒரு மாதிரிப் பாக்கறீங்க. நான் யாரையும் திட்டல தம்பி. ஒரு வார்த்தை மரியாதைக் கொறைவாப் பேசினதில்ல. அளவு சரியில்லீன்னா சரியில்லீன்னு சொல்றதுல என்ன இருக்குது?

நல்ல நாளும் இருந்துச்சுங்க, இல்லீங்கல. சித்திரையில ஒரு நாள் இடி மழை, கரண்ட் போயிருச்சு. தகரத்து மேல மழை விழற சத்தத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. வெளியவும் போக முடியாதுன்னு நாலு பேரும் பாதி கட்டுன கப்பலுக்குள்ளயே உக்காந்துட்டோம். மூணு பழைய ஸ்டூலு, அந்த மூணாவது சேரு. செல்வின் பேட்டரியில ரெண்டு லைட்டைப் போட்டுவிட்டான். ரங்கநாயகி குடையைப் பிடிச்சுக்கிட்டு மொளகாய் பஜ்ஜி கொண்டாந்தா. பாய் அந்தப் படத்துல வர்ற கேப்டன் மாதிரியே கனத்த குரல்ல, "நண்பர்களே, பூமி இப்பொழுது நம் பின்னால்"னு சொன்னாரு. டீச்சருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, சிரிச்சுச் சிரிச்சு. பாயும் அன்னைக்கு ரொம்ப நேரம் இருந்தாரு. "இங்க வந்தாத்தாங்க கொஞ்ச நேரம் மூச்சு விட முடியுது"ன்னாரு. மழை விட்டும் யாரும் எந்திரிக்கல.

எனக்கு அன்னைக்கு ஞாபகம் இருக்கறது பேனல்ல எண்ணெய்க் கறை. நாலு விரல் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன், போகல. அந்தத் துண்டைக் கழட்டி வேற போட்டேன்.

அதுக்கப்புறம் செல்வின் ஒரு வேலை பண்ணினான். பேனலுக்கு அடியில, மல்லாக்கப் படுத்துப் பாத்தாத்தான் தெரியும், அங்க ஒரு பித்தளைத் தகடு. நாங்க நாலு பேரு பேரையும் வரிசையா வெட்டி எழுதி, ஸ்குரு போட்டு வெச்சிருந்தான். நான் வயரு பாக்கப் படுத்தப்பக் கண்ணுல பட்டுது. கழட்டி அவன் கையில கொடுத்தேன்.

"அண்ணா, அது யாருக்குங்ணா தெரியப் போகுது?"

"படத்துல இல்லையே செல்வின்."

"படத்துல டம்ளருக்குக் கூட எடம் இருந்துச்சுங்ணா"ன்னான். சிரிச்சுட்டேதான் சொன்னான். தகட்டை பேண்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான். அடுத்த வாரம் கடையில வேலைன்னான். அதுக்கடுத்த வாரம் மச்சான் வீட்டுல விசேசம்னான். எலெக்சன் பிளெக்ஸு, கோயில் பிளெக்ஸுன்னு அவனுக்கு என்னைக்குமே ஒரு காரணம் இருக்கும். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை பத்தாதுங்க.

டீச்சர் கதை வேற. ஆடி மாசத்துல ஒரு நாள், சொல்லாம கொள்ளாம ஸ்கூல் வேன்ல ஒரு கூட்டம் பொண்ணுகளைக் கூட்டியாந்துட்டாங்க. எல்லாம் ஏழாவது எட்டாவது. "சார், பசங்களுக்கு ஒரு சர்ப்ரைஸு"ங்கறாங்க. நான் கதவுகிட்டயே நிக்கறேன். அதுக்குள்ள அத்தனையும் உள்ள ஏறிருச்சு. ஒருத்தி கேப்டன், ஒருத்தி எதிரி, ஒருத்தி தரையில படுத்து நான் செத்துட்டேன்ங்கறா. பொத்தான் அத்தனையும் அமுக்கறாங்க. கப்பலே கிடுகிடுன்னு ஆடுது. ரெண்டு பொண்ணுக ஒரு நெம்புகோலைப் பிடிச்சுத் தொங்குச்சு. படக்னு அடியோட வந்துருச்சு.

கத்திட்டேங்க. அது ஒரு தடவைதான் நான் குரலை ஒசத்தினது. "எறங்குங்க எல்லாரும்!"னேன். அந்த நெம்புகோலைக் கையில வெச்சிருந்த புள்ளை அழுக ஆரம்பிச்சுருச்சு.

டீச்சர் வந்து அதை என்ற கிட்ட கொடுத்தாங்க. "மன்னிச்சுக்குங்க சார். ஆனா அது கப்பல்தானே? ஏறறதுக்குத்தானே கட்டினோம்?"

"ஏறறதுக்கு இல்லீங்க டீச்சர். இது செட்டு."

"அப்ப யாருக்கு சார்?"

நான் ஸ்குரு டிரைவரை எடுத்துட்டு உள்ள போயிட்டேன். வேன் போற சத்தம் கேட்டுது. டீச்சர் அதுக்கப்புறம் வரல. பரீட்சைப் பேப்பர்னு மெசேஜ் மட்டும் வந்துச்சு.

பாய் மட்டும் அப்பப்ப வந்துட்டு இருந்தாரு. அதே அளவுல இன்னும் ரெண்டு சேர் வந்துச்சு. அப்புறம் அவரும் நின்னுட்டாரு. ஒரு சேர் பாக்கி. மூணு சேரு இருந்து ஒண்ணு இல்லாத கப்பல் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க, பல்லு விழுந்த மாதிரி. நான் போன் பண்ணினேன்.

"பாய், நாலாவது எப்பங்க வரும்?"

பின்னால ஏதோ மிசின் பீப் பீப்னு அடிக்கற சத்தம். யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. பாய் அவங்க கிட்ட, "இதோ வந்தர்றேன்"னாரு. அப்புறம், "சட்டம் கட்டி வெச்சிருக்கேங்கண்ணா. தையல்தான் பாக்கி. அனுப்பிவிடறேன்"னாரு.

"கட்டை ரெண்டு விரலுங்க பாய்."

"தெரியுங்கண்ணா."

சொன்ன மாதிரியே ஆவணி பொறந்ததும் ஒரு மினி ஆட்டோவுல வந்துச்சு. பாய் வரல, டிரைவர் மட்டும் இறக்கி வெச்சுட்டுப் போனான். அளந்தேன். நூல் பிசகல. நாலுலயும் நல்ல சேர் அதுதாங்க. எனக்கு அவ்வளவு சந்தோசம். பாய்க்கு போன் பண்ணி, "அருமைங்க பாய்"னு சொல்லலாம்னு அடிச்சேன். எடுக்கல. மறுபடி அடிச்சேன். எடுக்கல.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போறேன், கதவு பூட்டியிருக்குது. ரங்கநாயகி இல்ல. கொஞ்ச நேரத்துல ஆட்டோவுல வந்து எறங்கறா. நேரா கொல்லைப் பக்கம் போயி, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஈரத் தலையோட வந்து நிக்கறா.

"ஏன் இந்நேரத்துக்குத் தலைக்கு ஊத்தியிருக்கற?"

"மெகரு போயிட்டாங்க."

எனக்கு ஒரு நிமிசம் யாருன்னே புரியல. "யாரு, பாய் சம்சாரமா? எப்ப?"

"நேத்து. இப்பத்தான் எடுத்தாங்க. டீச்சரும் செல்வினும் நேத்தே வந்துட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும் அவங்களை?"

"ஆசுபத்திரிக்கு நாலஞ்சு மாசமாப் போயிட்டு வர்றேனே. செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை ரசம் வெச்சு எடுத்துட்டுப் போவேன். உங்க கிட்டச் சொன்னேன்."

"எங்கிட்டயா? எப்ப?"

"சொன்னேங்க. ஷெட்டுக்கே வந்து சொன்னேன். நீங்க லைட்டு எண்ணிட்டு இருந்தீங்க. எண்ணிக்கை தப்பிருச்சுன்னீங்க."

பாத்தீங்களா தம்பி? அதுதான் எனக்கு ஆறவே இல்ல. எண்ணிட்டு இருக்கறப்பச் சொன்னா எனக்கு எப்படிக் காதுல விழும்? எண்ணி முடிச்சதுக்கப்புறம் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமில்ல? செல்வினுக்கு ஒரு போன் பண்ண முடியாதா? டீச்சர் ஒரு மெசேஜ் போட்டிருக்கக் கூடாதா? நாலு பேரு சேந்து ஒண்ணு பண்றோம். அதுல மூணு பேருக்குத் தெரியுது, பஜ்ஜி போட்டவளுக்குத் தெரியுது. எனக்கு மட்டும் தெரியல. என்னைய என்னன்னு நெனச்சுட்டாங்க?

அன்னைக்கே போயிருக்கோணும்னு ரங்கநாயகி சொல்றா. எப்படிங்க போறது? யாரும் சொல்லாத எழவுக்கு.

அப்புறம் நான் ஒருத்தனாத்தான் முடிச்சேன். மிச்சம் கொஞ்ச வேலைதான். கடைசி லைட்டு, கடைசிப் பெயிண்டு. முடிஞ்ச அன்னைக்கு வேட்டி சட்டை மாத்திக்கிட்டு வந்து, மெயின் சுவிட்சைப் போட்டேன். கேப்டன் சேர்ல உக்காந்து நெம்புகோலை இழுத்தேன். ஒண்ணும் எரியல. அப்பத்தான் ஞாபகம் வருது. நாலையும் ஒண்ணா இழுத்தாத்தான் செவுத்து லைட்டு எரியற மாதிரி வயரிங் பண்ணினதே நான்தான். செல்வின் அப்பவே சொன்னான், "எதுக்கும் ஒரு சுவிட்சு தனியா வெச்சுக்கலாங்ணா"ன்னு. படத்துல இல்லைன்னுட்டேன்.

ரங்கநாயகியக் கூப்பிட்டேன். "எனக்கு அடுப்புல வேலை இருக்குது"ன்னுட்டா. என்ன பண்றது? கொடிக்கயிறு எடுத்து நாலு நெம்புகோலையும் சேத்துக் கட்டி, பின்னால நின்னு மாட்டை இழுக்கற மாதிரி இழுத்தேன். எரிஞ்சுதுங்க. செவுரு பூரா எரிஞ்சுது. ஒரு லைட்டு தப்பில்ல. நின்னு பாத்தேன். கயித்தை விட்டா அணைஞ்சு போகும்னு பிடிச்சுட்டே நின்னேன். கை வலிச்சுது. விட்டுட்டேன்.

மெகருக்கு நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதறாங்கன்னு ரங்கநாயகி கெளம்பினா. "வர்றீங்களா, இல்ல இதுக்கும் யாராச்சும் வந்து வெத்தலை பாக்கு வெக்கோணுமா?"ன்னு கேட்டா. போனேன்.

சின்ன வீடு. ஜமுக்காளம் விரிச்சு எல்லாரும் உக்காந்திருக்கறாங்க. செல்வின் இருந்தான். என்னையப் பாத்ததும் நகந்து எடம் விட்டான். டீச்சர் உள்ள பொம்பளைங்களோட இருந்தாங்க, எட்டிப் பாத்துத் தலையாட்டினாங்க. பாய் எளைச்சுப் போயிட்டாருங்க. தாடி நரைச்சிருந்துச்சு. என்ற கையைப் பிடிச்சாரு. நான் என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன், அதுக்குள்ள அவரு என்னைய உக்கார வெச்சுட்டாரு.

அப்பத்தான் பாத்தேன். ஜன்னலோரத்துல அந்தச் சேரு. மொதல்ல செஞ்சாரே, அது. சாம்பல் கலரு, ஒரு சாண் அகலக் கட்டை. அவ்வளவு கூட்டத்துலயும் அதுல ஒருத்தரும் உக்காரல. இடது பக்கக் கட்டையில ரெக்சின் தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. காலு கிட்ட என்ற சிவப்புக் குறி. அழிக்கக் கூட இல்லீங்க.

பாய் நான் பாக்கறதைப் பாத்தாரு. "அதுலதாங்கண்ணா இருந்தா, கடைசி வரைக்கும். ராத்திரி தூக்கமும் அதுலதான். கை வெக்க நல்லா இருக்குதும்பா. ஆசுபத்திரியில கட்டில்ல படுக்க வெச்சா, 'என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, என்ற சேருக்குப் போகோணும்'னுதான் சொல்லுவா."

நான் சொன்னேன், "நல்லவேளை பாய், அன்னைக்கு நான் அதை ரிஜெக்ட் பண்ணினது."

செல்வின் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ரங்கநாயகி உள்ளிருந்து என்னைய ஒரு பார்வை பாத்தா. ஏன், நான் சொன்னதுல என்ன தப்பு? நான் தள்ளினதாலதானே அந்தம்மாவுக்கு ஒரு சேர் கெடைச்சுது? பாய் மட்டும் மெதுவா, "ஆமாங்கண்ணா, அது உங்களாலதான்"னாரு. கிண்டல் இல்லீங்க. நெசமாத்தான் சொன்னாரு. அந்த மனுசனுக்குக் கிண்டல் வராது.

அது மனசுல என்னமோ பண்ணிருச்சு. நான் சொன்னேன், "பாய், இந்தச் சேரைக் கப்பல்ல போட்டுக்கலாங்க. கேப்டன் எடத்துல. அளவு பொருந்தாட்டியும் பரவால்ல."

தம்பி, அளவு பொருந்தாட்டியும் பரவால்லன்னு என்ற வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததே இல்லீங்க. கம்பெனியில மொதலாளி மகனே வந்து கேட்டப்பச் சொல்லாத வார்த்தை. அன்னைக்குச் சொன்னேன். அது அங்க ஒருத்தருக்கும் உறைக்கல.

"வேண்டாங்கண்ணா, இங்கயே இருக்கட்டும்"னாரு பாய். அப்புறம் அவரேதான் கேட்டாரு, "கப்பல் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க பாய்."

"அச்சு அசலா?"

"அச்சு அசலாங்க."

"சந்தோசங்கண்ணா. சோறு வெக்கச் சொல்றேன். இருந்து சாப்பிட்டுப் போங்க."

அவ்வளவுதான். வந்து பாக்கறேன்னு சொல்லல. செல்வினும் கேக்கல. டீச்சரும் கேக்கல. சாப்பிட்டோம், எந்திரிச்சோம். வாசல்ல செருப்பு மாட்டறப்ப செல்வின், "வண்டியில கொண்டு போய் விடட்டுங்களாண்ணா?"ன்னான். பஸ்ஸுலயே போயிக்கறோம்னுட்டேன்.

அதுக்கப்புறம் ரங்கநாயகி சொன்னா, "அந்த ஷெட்டை யாருக்காச்சும் விட்டுப்போடுங்க. அங்க போயிட்டு வர்ற அன்னைக்கெல்லாம் நீங்க ராத்திரி சாப்பிடறதில்ல." நானும் யோசிச்சுப் பாத்தேன். சும்மா பூட்டி வெச்சு என்ன பண்றது? டீச்சர் கூட ரங்கநாயகி கிட்டச் சொல்லிவிட்டிருந்தாங்க, ஸ்கூல்ல ஒரு பெரிய ரூம் காலியா இருக்குது, கொடுத்தா அங்க கொண்டு போயி வெச்சுக்கறோம்னு. பொத்தானுக்கெல்லாம் கண்ணாடி மூடி போட்டு, நெம்புகோலுக்கு முன்னால கயிறு கட்டுனாக் கொடுக்கறேன்னு சொல்லச் சொன்னேன். சொல்லிட்டேன்ங்கறா. இன்னும் பதில் வரல.

சொன்னாளோ என்னமோ, யாரு கண்டா?

ஆ, கரண்ட் வந்துருச்சு. வாங்க. செருப்பை இங்கயே விட்டுப்போடுங்க. பாத்து, வாசல் நெலவு தலையில தட்டும், குனிஞ்சு வாங்க. இதாங்க. இல்ல இல்ல, பயப்படாதீங்க, தொட்டாக் கெட்டுப் போகாது. சும்மா தொட்டுப் பாருங்க, பரவால்ல.

நூல் கோனுக்கு எடம் பத்துமான்னு பாக்கறீங்க. பத்தும். இதைக் கழட்டினா ஷெட்டு பூரா உங்களுக்குத்தான். உள்பக்க நீளம் எவ்வளவுன்னு எனக்கு மனப்பாடமாத் தெரியும், சொல்லிப்போடுவேன். ஆனா நீங்களே அளந்துக்குங்க, அதுதான் முறை. டேப்பு வெச்சிருக்கறீங்களா? இருங்க, ஒரு முனையை இப்படிக் கொடுங்க, நான் பிடிச்சுக்கறேன். நீங்க அந்தக் கோடிக்குப் போங்க. இவ்வளவு நீளத்தை ஒரு ஆளு அளக்கக் கூடாதுங்க. நடுவுல தொங்கிப் போயிரும், கணக்குத் தப்பா வரும்.

இழுத்துப் பிடிங்க. நான் விடமாட்டேன்.